டின்பால்காரி ருக்குமணி

புருஷன் நல்லமுத்து இறந்தபோது ருக்குமணிக்கு நிறைமாதம். கப்பலிலிருந்து படகுக்கு இறங்கிக்கொண்டிருந்த அரிசி மூட்டைகளின் கயிறு அறுந்து, கீழே நின்றவன் மேல் மொத்தமாக விழுந்தது. பினாங்குத் துறைமுகத்தில் அது புதுச் சங்கதி இல்லை. மறுநாள் அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நின்று மூட்டை வாங்கினான். பிரசவம் ஆகும்வரை கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்துகொள்ளலாம் என்று, அவர்களை மேற்பார்க்கும் கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு. அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கும். தாய் தகப்பன் இல்லாதவள். நல்லமுத்துவை நம்பிக் கப்பலேறி வந்தவள். அவன் போன பிறகு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஜெயலெட்சுமி என்று பெயர் வைத்தாள். லயத்தில் எல்லோரும் லெட்சுமி என்று கூப்பிட்டார்கள். ருக்குமணிக்குப் பால் தாராளமாகச் சுரந்தது. குழந்தை குடித்தது போக மிச்சத்தைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியிருந்தது. அடுத்த அறையில் இருந்த பொன்னாயி அதைப் பார்த்துவிட்டுத்தான், ஒரு வீட்டில் பால் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தாள்.

அந்த வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்புறத்தில் இருந்தது. முகம்மது சுல்தான் என்ற வியாபாரியின் வீடு. மளிகைச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்பவர், தொழுகை தவறாதவர், யாரையும் குரல் உயர்த்திப் பேசாதவர். அவர் மனைவி சலேஹா பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டையும் ஒரு வயதுக்குள் பறிகொடுத்தவள். மூன்றாவதாக ஜபருல்லா பிறந்தான். பிரசவத்தோடு வந்த காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பசியில் அந்தப் பிள்ளை அழும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ருக்குமணி போய் அவனை எடுத்து மார்பில் வைத்ததும் சத்தம் நின்றது. சலேஹா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளை விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். இரவும் பகலும் அங்கேயே தங்க வேண்டும், அவள் குழந்தையைக் கூட்டிவரக் கூடாது. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளின் பயம் அது. பாலைப் பங்கு போட்டால் தன் மகனுக்குப் போதாமல் போய்விடும் என்று சலேஹா நினைத்தாள். அதை அவள் அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் கேட்டாள். லெட்சுமிக்கு வேண்டிய பாலைக் கடையிலிருந்து தானே கொடுத்தனுப்புவதாக சுல்தான் வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே இனிப்பான கெட்டிப்பால் டின்கள் தவறாமல் லயத்துக்குப் போயின. டின்னைச் சுற்றி ஒட்டிய தாளில் கன்னம் உப்பிய ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகளே இதைத்தான் குடிக்கின்றன என்று சுல்தான் நம்பினார். பொன்னாயியும் நம்பினாள். கங்காணி வீட்டுக்குக்கூடக் கிடைக்காத பால் அல்லவா?

பொன்னாயி லெட்சுமியைத் தன் பிள்ளைபோலத்தான் வைத்திருந்தாள். சுடுதண்ணீரில் கரைத்து, ஆற்றி, சங்கில் புகட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு சுல்தான் கிளம்பும் நேரத்தில் ருக்குமணி லயத்துக்குப் போய்வர அனுமதி உண்டு. முதலில் சில வாரங்கள் ஓட்டமும் நடையுமாகப் போய் மகளுக்குப் பால் கொடுத்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இனிப்புக்குப் பழகிய நாக்கு. அதோடு, எடுத்தவள் யாரென்றும் அதற்குத் தெரியவில்லை. பொன்னாயியைப் பார்த்துக் கை நீட்டி அழுதது. அன்று திரும்பி நடக்கும்போது ருக்குமணிக்கு மார்பு கனத்து வலித்தது. சலேஹாவின் வீட்டுக் கதவைத் தாண்டியதும் ஜபருல்லா அவளைப் பார்த்துக் கால்களை உதைத்துச் சிரித்தான். அவனை வாரி எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவளுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. சலேஹா அன்பாக இருந்தாலும் முதலாளியம்மாதான். இரவில் பின்கட்டு அறையில் அவளோடு இருந்தவன் அந்தப் பிள்ளை மட்டுமே. அவன் அவளுக்கு உயிராகிவிட்டான். தன் மகளுக்குச் சேர வேண்டியதை இவனுக்குக் கொடுக்கிறோமே என்ற எண்ணம் வரும்போதெல்லாம், மகள்தான் கொழுகொழுவென்று இருக்கிறாளே என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

அது உண்மையும்கூட. லெட்சுமி குண்டாக இருந்தது. சற்று வெளுப்பு, அவ்வளவுதான். லயத்துப் பெண்கள் கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்தார்கள்.

எட்டு மாதமான சமயத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அது நின்ற பிறகு வெளிச்சத்தைப் பார்த்தால் முகத்தைச் சுளிக்கத் தொடங்கியது. வாசலுக்குத் தூக்கிவந்தால் பொன்னாயியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கண்ணில் சூடு இறங்கியிருக்கிறது, தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று லயத்தில் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை ருக்குமணி மகளை மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்களிலும் தன் பாலைப் பீய்ச்சினாள். குழந்தை வீறிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தபோது வீறிடவில்லை. இமைகளை விலக்கிப் பார்த்தாள். கருவிழியில் பளபளப்பே இல்லை. வேகவைத்த மீனின் கண்போல மங்கி, சுருங்கிக் கிடந்தது.

அவள் சுல்தான் வீட்டுக்குத் திரும்பவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

அங்கே குழந்தைகளைப் பார்த்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மலாய் ஓரளவு பேசுவார், தமிழ் வராது. தமிழ்ப் பெண்கள் வந்தால், மருந்து கட்டும் உதவியாளரான டிரெஸ்ஸர் ராமதாஸ் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார். டாக்டரம்மா லெட்சுமியின் கண்ணைத் திறந்து பார்த்தார். இப்படிப்பட்ட கண்களை அவர் நிறையவே பார்த்திருந்தார். எல்லாம் ஒரே மாதிரிப் பிள்ளைகள். வெளுத்து, உப்பி, முதலில் வெளிச்சத்துக்குக் கூசி, பிறகு கண் வறண்டு, கடைசியில் வெடித்துப்போகும். பாதிப் பிள்ளைகள் அதற்கு முன்பே சளியிலோ பேதியிலோ செத்துவிடும். தகப்பனிடமிருந்து வரும் கெட்ட நோய் என்றும், அழுக்கால் வருவது என்றும் வைத்தியத்தில் மூத்த சிலர் சொல்லிவந்தார்கள். டாக்டரம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. உணவில் இருக்க வேண்டிய ஏதோ ஒரு சத்து இந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை, கொழுப்பு நீக்கிய டின்பால்தான் காரணம் என்று அவர் சந்தேகப்பட்டார். அதை நிரூபிக்க ஒவ்வொரு தாயிடமும் பிள்ளை என்ன குடித்தது என்று கேட்டு வந்தார்.

ஆனால் தாய்மார்கள் உண்மையைச் சொல்வதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்காதவள் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? எல்லோரும் தாய்ப்பால் என்றே சொன்னார்கள். ருக்குமணியும் அப்படித்தான் சொன்னாள். அவள் சொன்னதை டாக்டரம்மாவால் மறுக்கவும் முடியவில்லை. நின்றுகொண்டிருந்தவளின் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கும் இது வருமென்றால் தான் இத்தனை நாள் நினைத்ததே தப்பு என்று அவர் ராமதாஸிடம் ஆங்கிலத்தில் சொன்னாராம். குழந்தையை வார்டில் சேர்த்து, மீன் எண்ணெய் கொடுக்கச் சொல்லிவிட்டு, சோர்ந்துபோய் எழுந்து சென்றார்.

இரண்டாம் நாள் பகலில், லயத்தில் விசாரித்துக்கொண்டு சலேஹா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவள். முக்காட்டுக்குள் ஜபருல்லாவை அணைத்துக்கொண்டு வார்டு வார்டாகத் தேடி வந்தாள். ருக்குமணி போனதிலிருந்து அவன் எதையும் வாயில் வாங்கவில்லை. தொண்டை கட்டி, அழக்கூட முடியாமல் முனகிக்கொண்டிருந்தான். ருக்குமணியைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டித் தாவினான். டாக்டரம்மா அப்போது அந்த வார்டில்தான் இருந்தார். பக்கத்தில் ராமதாஸ் நின்றார்.

ருக்குமணி ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவனை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். லெட்சுமி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டிலில் கண்மூடிக் கிடந்தது. டாக்டரம்மா ஒரு பிள்ளையைப் பார்த்தார், அடுத்த பிள்ளையைப் பார்த்தார். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் ராமதாஸ் மெதுவாகக் கேட்டார்.

“இப்பவாச்சும் உண்மையச் சொல்லும்மா. ஒன் புள்ள என்ன குடிச்சிச்சு?”

“எம்பால இவன் குடிச்சான்ணே. அவ டின்பால் குடிச்சா” என்றாள் ருக்குமணி.

அந்த டின்பால்தான் கண்ணைக் கெடுத்தது என்று டாக்டரம்மா சொன்னதை ராமதாஸ் தமிழில் சொன்னதும் சலேஹாவுக்கு விளங்கியது. முக்காட்டை விலக்கிக் கட்டிலில் இருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள். அதுவரை அந்தக் குழந்தையை அவள் பார்த்ததே கிடையாது.

“நல்லதுன்னு நெனச்சுத்தான்லா குடுத்து அனுப்பினோம், ருக்குமணி. அல்லா மேல ஆணையா, நல்லதுன்னுதான்” என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அழுதாள். ருக்குமணி அழவில்லை. பசியாறிய பிள்ளை மடியில் தூங்கிப்போனதும் அவனைச் சலேஹாவிடம் கொடுத்துவிட்டு, மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டதால், ஜபருல்லா கஞ்சிக்குப் பழகும்வரை சலேஹா அவனை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள். லெட்சுமிக்கும் பால் கொடுக்க ருக்குமணி முயன்றாள். சப்பும் பலம் குழந்தைக்கு இல்லை. பீய்ச்சிக் கரண்டியால் புகட்டினாள். எண்ணெயும் பாலும் உள்ளே போகப் போக உடம்பு தேறியது, உயிர் பிழைத்தது. கண்தான் பிழைக்கவில்லை. இடது கண் வெடித்துக் குழிந்துபோனது. வலது கண்ணில் வெள்ளைத் திரை கட்டியது. அதில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும் என்றார் டாக்டரம்மா. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால், என்று தொடங்கிய ராமதாஸ், அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்.

சுல்தான் ஒருநாள் தானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றே கடையில் இருந்த அந்தப் பால் டின்களை எடுத்து அப்புறப்படுத்தச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. ஏன் என்று யார் கேட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. தாயும் மகளும் ஆயுசு முழுக்கத் தன் வீட்டில் இருக்கலாம் என்று சலேஹா மூலம் சொல்லி அனுப்பினார். சலேஹாவும் மனதாரத்தான் கூப்பிட்டாள்.

“வேணாம்மா. அங்க இருந்தா தம்பியவும் இவளையும் ஒண்ணா வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். என்னால முடியாது” என்றாள் ருக்குமணி.

டாக்டரம்மா அவளுக்குக் குழந்தைகள் சிகிச்சை நிலையத்தில் ஆயா வேலை கொடுத்தார். சம்பளத்தில் வாடகை தருவதாகக் கங்காணியிடம் சொல்லி லயத்து அறையையே வைத்துக்கொண்டாள். வேலை என்பது பெருக்குவது, கரண்டிகளையும் பாத்திரங்களையும் சுடுநீரில் போட்டெடுப்பது, பிள்ளைகளை எடை பார்க்கும்போது பிடித்துக்கொள்வது. அந்த வருடம் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி அடுத்த கட்டத்துக்குப் போனது. மீன் எண்ணெய் கப்பலில் வர வேண்டும், ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் புதிதாக வந்திருந்த செம்பனைத் தோட்டங்களில் பிழியும் எண்ணெய் ரத்தம்போல் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பிலேயே கண்ணுக்கு வேண்டிய சத்து இருக்கலாம் என்று அவர் கருதினார். மீன் எண்ணெய் சில பிள்ளைகளுக்கும் செம்பனை எண்ணெய் சில பிள்ளைகளுக்குமாகக் கொடுத்து, எந்தக் கண் எவ்வளவு சீக்கிரம் பளபளப்புக்குத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

தாய்மார்கள் ஒப்பவில்லை. அது சவுக்காரம் காய்ச்சப் போடுகிற எண்ணெய், பிள்ளை வயிற்றுக்கா என்று மூக்கைப் பொத்தினார்கள். டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துக் காட்டினார். வெள்ளைக்காரிக்கு எதுவும் செரிக்கும் என்றார்கள். அப்போது ருக்குமணி யாரும் சொல்லாமலே எழுந்து போய், ஒரு கரண்டி எண்ணெயைக் கஞ்சியில் கலந்து லெட்சுமிக்கு ஊட்டினாள். குழந்தை சப்புக்கொட்டித் தின்றது. தமிழ்ப் பெண்களில் சிலர் அதன் பிறகு கரண்டியை வாங்கிக்கொண்டார்கள். கண் மங்கத் தொடங்கிய நிலையில் வந்த பிள்ளைகள் பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் கருவிழி ஈரம் பிடித்து மின்னியது. செம்பனை எண்ணெய் மீன் எண்ணெய்க்குக் குறைந்ததில்லை. டாக்டரம்மா அன்றைக்குச் சிரித்ததுபோல் என்றும் சிரித்ததில்லை என்று ராமதாஸ் சொல்வார். ருக்குமணியும் அந்தக் கண்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தானே? பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நோய் வந்தபின் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பதுதான் முக்கியம் என்பது டாக்டரம்மாவின் எண்ணம். அதற்குத் தாய்மார்கள் டின்பாலை நம்புவதை நிறுத்த வேண்டும். சுவரில் படங்கள் மாட்டினார், பேசினார், ராமதாஸ் தொண்டை வற்ற மொழிபெயர்த்தார். பயனில்லை. டின்மேல் சிரிக்கிற குழந்தையைத்தான் அவர்கள் நம்பினார்கள். அப்போதுதான் டாக்டரம்மா ருக்குமணியிடம் அதைக் கேட்டார். வியாழக்கிழமைகளில் தாய்மார்கள் கூடும்போது லெட்சுமியைக் கொண்டுவந்து முன்னால் உட்கார முடியுமா, நடந்ததைச் சொல்ல முடியுமா?

ருக்குமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “எம்மக என்ன வேடிக்கப் பொருளாண்ணே?” என்று ராமதாஸிடம் கேட்டாள். அதை மொழிபெயர்த்ததும் டாக்டரம்மா முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

சில வாரங்கள் கழித்து ஓர் இளம்பெண் தன் முறைக்காகப் பலகையில் காத்திருந்தாள். வெயில் பட்டதும் அவள் மடியிலிருந்த பிள்ளை அவள் மார்புச் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் கூடையில் டின் இருந்தது. ருக்குமணி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கிவந்து அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்தாள். லெட்சுமியின் முகத்தை நிமிர்த்திப் பிடித்தாள்.

“இது இப்படிப் பொறக்கல தங்கச்சி. பொறந்தப்ப நல்லா பாத்துச்சு. நீ வச்சிருக்கியே, அதே டின்தான் இதுக்கும் குடுத்தது. எழுந்திரு, உள்ள போ. நாளைக்குன்னு நிக்காத.”

அந்தப் பெண் பயந்து உள்ளே ஓடினாள். அந்தப் பிள்ளைக்குக் கண் தப்பியது.

அதற்குப் பிறகு வியாழன்தோறும் ருக்குமணி மகளோடு முன்னால் உட்கார்ந்தாள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், தான் இன்னொரு பிள்ளைக்குப் பால் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னாள். கேட்டவர்களில் பலர் பயந்து டின்னை விட்டார்கள். அவளையும் விட்டார்கள். கூலிக்குத் தன் பிள்ளையின் கண்ணை விற்றவள் என்று ஒருத்தி சொன்னது ஊரெல்லாம் பரவியது. பிள்ளைபெற்ற வீட்டு வழியாக அவள் போனால் கதவை ஒருக்களித்தார்கள். தண்ணீர்க் குழாயடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் பிள்ளைகளை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். டின்பால்காரி என்று அவளுக்குப் பெயர் வந்தது. அவள் காதுபடவே சொன்னார்கள். எந்தப் பிள்ளைகளின் கண்ணுக்காக அவள் அங்கே உட்கார்ந்தாளோ, அந்தப் பிள்ளைகள் மேல் அவள் கண் பட்டுவிடக் கூடாது என்று பயந்தார்கள்.

பொன்னாயி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கதையில் சங்கைப் பிடித்த கை அவளுடையது. வாராவாரம் அது சொல்லப்படுகிறது என்று தெரிந்தபின் அவளாலும் நேரே பார்த்துப் பேச முடியவில்லை. ருக்குமணி ஒருநாள் அவள் வாசலில் நின்று, “ஒன்ன நான் ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்லக்கா” என்றாள். பொன்னாயி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அது ரப்பரும் ஈயமும் விலை விழுந்த காலம். துறைமுகத்தில் கப்பல் குறைந்தது, வேலை குறைந்தது. வேலையில்லாதவர்களைச் சர்க்காரே கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. லயத்தில் அறை அறையாகக் காலியானது. பொன்னாயியும் அவள் புருஷனும் போனார்கள். ருக்குமணியையும் கூப்பிட்டார்கள், இலவசப் பயணம்தான். லெட்சுமிக்கு வைத்தியம் இங்கேதான் என்று மறுத்துவிட்டாள். பொன்னாயி ஏறுவதற்கு முன் லெட்சுமியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் வாசனையை அடையாளம் கண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டது. கப்பலின் சங்கு ஊதியதும் ருக்குமணி பிரித்து வாங்கிக்கொண்டாள். கப்பல் நகர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் பூட்டிய அறைகளுக்கு நடுவே இருந்த தன் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

சலேஹா அவளை மறக்கவில்லை. அவர்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய்தான். அவள் பெற்ற பிள்ளை பால் குடித்தவனுக்கு உடன்பிறப்பு. அதனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஜபருல்லாவைப் புதுச்சட்டை போட்டு ரிக்‌ஷாவில் சாப்பாட்டோடு அனுப்பிவைத்தாள். முதலில் அவன் ருக்குமணி மடியில் தாவி ஏறினான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். ஏழு வயதானபோது பலகையின் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னான். நல்ல பெரிய கண்கள் அவனுக்கு. அவள் அதிகம் பேசாமல் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லெட்சுமி அவன் சட்டையின் பளபளத் துணியைத் தடவித் தடவி, இது என்ன நிறம் என்று கேட்கும். அவன் சொல்வான். நிறம் என்றால் என்ன என்று அது மறுபடி கேட்கும்.

டாக்டரம்மா வேலைமாற்றலாகிப் போனார். போவதற்கு முன், தன் ஆராய்ச்சி வைத்தியர்களின் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்திருக்கிறது, அதில் லெட்சுமியின் கண்ணைப் பற்றியும் இருக்கிறது என்று ராமதாஸ் மூலம் சொன்னார். பெயர் போட்டிருக்கிறதா என்று ருக்குமணி கேட்டாள். நோயாளிகள் பெயரைப் போடுவது வழக்கமில்லை என்றார்கள். அவள் சரி என்றாள். டாக்டரம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தமிழில் நன்றி என்று சொன்னார். அந்த ஒரு சொல்லை ராமதாஸிடம் கேட்டுப் பழகியிருந்தார்.

போவதற்கு முன்பே அவர் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். பினாங்கில் கண் தெரியாத பிள்ளைகளை வைத்துப் படிக்கவைக்கும் இல்லம் ஒன்று இருந்தது. லெட்சுமிக்கு ஆறு வயதானதும் அங்கே சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். முதல் ஞாயிறு முழுதும் லெட்சுமி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ருக்குமணி வாசல் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்ட அழுகை ஓயும்வரை காத்திருந்து போனாள். மறுமாதம் அழுகை இல்லை. அதற்கடுத்த மாதம், விரலால் தடவிப் படிக்கும் எழுத்துகளைப் பற்றி லெட்சுமி மூச்சுவிடாமல் சொன்னது. பிரம்புக் கூடை பின்னுவதைக் காட்டியது. பக்கத்தில் இருந்த சீனச் சிறுமியோடு ஆங்கிலமும் மலாயும் கலந்து என்னவோ பேசிச் சிரித்தது. என்ன சிரிப்பு என்று ருக்குமணி கேட்டதற்கு, சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா என்றது. குறும்பாகத்தான் சொன்னது.

முப்பத்தெட்டாம் வருடம் வந்தபோது சிகிச்சை நிலையத்தில் செம்பனை எண்ணெய் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. வறண்ட கண்ணோடு வருகிற பிள்ளைகள் குறைந்துபோனார்கள். புதிதாக வந்த டாக்டர், வியாழக்கிழமை இனி அவள் உட்கார வேண்டியதில்லை என்றார். தாய்மாருக்கே இப்போது தெரியும், சும்மா பயமுறுத்துவானேன்? அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை ருக்குமணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கழுவிய கரண்டிகளையே எடுத்து மறுபடி கழுவினாள்.

அந்த வருடமே துறைமுக லயத்தை இடிக்கப்போவதாகச் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு அவள் டவுனை விட்டுத் தள்ளியிருந்த கெலுகோர் பக்கம் போனாள். அங்கே தென்னந்தோப்பு ஒன்றில் கொப்பரை எடுக்கும் வேலை கிடைத்தது. தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கு அவளை யாரென்று தெரியாது. குழாயடியில் அவளைக் கண்டு யாரும் பிள்ளையை மூடவில்லை. ஒருத்தி தன் கைக்குழந்தையை, சற்றுப் பிடியுங்கள் அக்கா என்று அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். ருக்குமணி வாங்கி, பழக்கத்தில் பிள்ளையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஈரமாக மின்னின. திருப்பிக் கொடுத்தாள். தன் கதையை அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் நெருங்கிப் பழகவும் முடியவில்லை. உனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டால், ஒரு மகள் டவுனில் படிக்கிறாள் என்று மட்டும் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடை சுட்டு எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். லெட்சுமி தடுமாறாமல் படி இறங்கி வந்தது. வளர்ந்திருந்தது. தலையை யாரோ அழகாகப் பின்னிவிட்டிருந்தார்கள்.

“அம்மா, இன்னிக்கு எங்களுக்குப் பாட்டுப் பழகணும்லா. பெரியவங்க எல்லாம் கேக்க வர்றாங்க. நீங்க அடுத்த வாரம் வாங்களேன்.”

“சரிம்மா. நீ போய்ப் பாடு.”

வடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு லெட்சுமி சுவரைத் தொட்டுக்கொண்டே வேகமாக உள்ளே போனது. சற்று நேரத்தில் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது. அதில் மகளின் குரல் எது என்று பிரித்துக் கேட்க முயன்றாள், முடியவில்லை. நன்றாக இருக்கிறாள், அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேருந்து வரும்வரை சாலையோரம் நின்றாள். கெலுகோர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

அறையைத் திறந்து அடுப்பை மூட்டினாள். அரிசி களைந்து சோறு வடித்தாள். ஒருத்திக்கு மட்டும் வடிப்பது அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை. எப்போதும் கொஞ்சம் கூடிவிடும்.